நானூற்றுப் பதினெட்டுத் துளைகள்

எங்கள் அலுவலகம் வெளியிட்டிருக்கும் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அடுக்கியவன் நான். பொய்யை நான் எழுதவில்லை. ஆனால் நல்ல எழுத்துருவில், சுற்றிலும் தாராளமாக வெள்ளை இடம் விட்டு, படிக்கிறவர் நம்பும்படி உட்கார வைத்தது நான்தான். அதனால் இதை எழுதியே ஆக வேண்டும்.

பொய் இதுதான்: "தாய்சேய் மருத்துவமனையின் புகழ்பெற்ற பிரசவ வார்டு, ஒரு ரயில் பயணத்தில், பயணச்சீட்டின் பின்புறத்தில் பிறந்தது." பயணச்சீட்டு எத்தனை விரல் அகலம், அதில் எத்தனை கட்டிலை வரைய முடியும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. எங்கள் முதலாளி மாதிரிப் பெரிய மனிதர் சொன்னால் சீட்டும் பெரிதாகிவிடும் போலிருக்கிறது.

அந்த வார்டை வரைந்தவர்கள் மூன்று பெண்கள். ஒருவர் எங்கள் அலுவலகத்தில் முப்பத்தேழு வருடமாகப் படம் வரைகிறவர். இன்னொருவர் எங்கள் முதலாளியின் மனைவி. அவரும் கட்டடக் கலை படித்தவர், கல்லூரியில் பாடம் எடுத்தவர், ஆகவே எல்லோருக்கும் டீச்சர். மூன்றாமவர் பழைய மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக இருந்த சிஸ்டர். முதலாமவரோடு நான் நான்கு வருடமாக ஒரே அறையில் வேலை செய்கிறேன். அவருடைய கதையாகவே சொல்கிறேன். மற்ற இருவரும் அதற்குள் தாமாக வந்துவிடுவார்கள்.

அலுவலகத்தில் அவருக்கு மில்லி என்று பெயர். முதல் நாள் அந்தப் பெயரைக் கேட்டு நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை. அவர் வாயில் அடியும் அங்குலமும் வராது, எல்லாம் மில்லிமீட்டர்தான். பஸ் தள்ளி நின்றால்கூட, "நாலாயிரம் மில்லி தள்ளி நிறுத்திட்டுப் போறான், ஓடி ஏற வேண்டியிருக்கு" என்பார். அவருடைய அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். தட்டச்சு வகுப்பில் சேர்க்க மகளைக் கூட்டிப்போனார். அங்கே இடமில்லை. பக்கத்து அறையில் படவரைவு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. "இங்கயாவது உக்காரு, வெயில்ல திரும்பி அலைய வேண்டாம்" என்று விட்டுவிட்டுப் போய்விட்டார். பத்தொன்பது வயதில் எங்கள் முதலாளியிடம் வேலைக்கு வந்தார்.

வந்த நாளில் கொடுத்த இடம் கழிப்பறைக் கதவுக்கு அருகில். கை கழுவிவிட்டு வருகிறவர்கள் உதறும் தண்ணீர் படத்தில் தெறிக்கும். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை ஒரு ஆணியை அடித்துத் துண்டைத் தொங்கவிட்டு, மேலே எழுதி ஒட்டினார்: "கையைத் துடைக்கவும். இது மழைக்காலம் அல்ல." எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். முதலாளியின் பெயரை எங்கள் அலுவலகத்தின் ஒவ்வொரு படத்திலும் எழுதியது அந்தக் கைதான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே வலது மூலையில் ஒரு கட்டம் உண்டு. வடிவமைப்பு என்ற இடத்தில் முதலாளியின் முழுப் பெயர். சரிபார்த்தது என்ற இடத்திலும் அவரே. வரைந்தது என்ற இடத்தில் ஒற்றை எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி. அந்த எழுத்து மில்லி அக்கா.

நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்; அதில் எனக்கு வெட்கமில்லை. வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஒரு மாடிப்படியை வரைந்து அக்காவிடம் கொடுத்தேன்.

"தம்பி, இதுல ஏறிப் பாத்தீங்களா?"

"படத்துல எப்படிக்கா ஏறுறது?"

"நான் ஏறிப் பாத்தேன். திரும்புற இடத்துல உத்தரம் ஆயிரத்து எண்ணூறு மில்லிதான் இருக்கு. உங்க தலை தப்பிக்கும். தலையில சட்டியோட வர்ற பொம்பள இடிச்சுக்குவா."

என் அம்மா கட்டட வேலையில் பதினாறு வருடம் தலையில் கலவைச் சட்டி சுமந்தவர். என்னைப் படிக்க வைத்தது அந்தச் சட்டி. எனக்குத் தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றியது.

இனி வார்டுக்கு வருகிறேன்.

முப்பது வருடம் முன்பு புதிய தாய்சேய் மருத்துவமனைக்கு வரைபடம் கேட்டார்கள். சார் (முதலாளியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அழகான கட்டடம் ஒன்றை வரைந்தார். தெருவைப் பார்த்து ஒரு நீண்ட வளைவு. அந்த வளைவு அவருடையது, அதை யாரும் மறுக்கவில்லை. அதற்குள் இருபுறமும் கட்டில் போட்ட ஒரே நீள வார்டு. மருத்துவமனைத் தரப்பில் கருத்துச் சொல்ல சிஸ்டரை அனுப்பினார்கள். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தாராம்.

"ரொம்ப அழகா இருக்கு சார். எங்க காலை யாரு கணக்குல எடுத்துக்குறது?"

சார் சிரித்தார், ஒரு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். சிஸ்டரோடு உட்கார்ந்து பேசும்படி மனைவியை அனுப்பினார். டீச்சர் அளவு எழுத மில்லி அக்காவைக் கூட்டிப்போனார். மூவரும் சேர்ந்த கதை இவ்வளவுதான்.

பழைய மருத்துவமனையின் துணி அறையில் பன்னிரண்டு சனிக்கிழமைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் அக்கா ஒரு நோட்டோடு ஒரு செவிலியின் பின்னாலேயே ஒரு முழுப் பகல் வேலை நேரமும் நடந்தார். கட்டிலிலிருந்து மருந்து அலமாரி, அங்கிருந்து கழுவுமிடம், மறுபடி கட்டில், தொலைபேசி, துணி அறை. ஒவ்வொரு நிறுத்தத்தையும் எழுதினார். "எங்க பொண்ணு கழிப்பறைக்குப் போனாக்கூட இவ வெளிய நின்னு நேரம் குறிக்கிறா. மாமியார்கூட இப்படிக் காவல் காக்க மாட்டா" என்று சிஸ்டர் சொன்னதை டீச்சர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு சாருடைய படத்தை ஒரு மென்பலகையில் விரித்தார்கள். ஒவ்வொரு கட்டிலிலும் அலமாரியிலும் கதவிலும் ஒரு குண்டூசி. நோட்டில் இருந்த வரிசைப்படி ஊசிக்கு ஊசி தையல் நூலை இழுத்துக்கொண்டே போனார்கள். முடித்ததும் நூலைப் பிரித்து அளந்தார்கள். படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு மீட்டர். நூல் அறுபத்திரண்டு மீட்டர் வந்தது. அப்படியென்றால் சார் வரைந்த வார்டில் ஒரு செவிலி ஒரு பகலில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்.

"எங்க அம்மா வீடு அவ்வளவு தூரம்தான்" என்றாராம் சிஸ்டர். "லீவே கேக்க வேண்டாம், நடந்துகிட்டே இருந்தா போய்ச் சேந்துடுவேன்."

அதன் பிறகு அதே தாளில் அழித்து அழித்து வரைந்து, ஊசிகளை நகர்த்தத் தொடங்கினார்கள். அலமாரியை நகர்த்து, நூல் விடு, அள. கட்டிலைத் திருப்பு, நூல் விடு, அள. ஒருத்தி வாக்கியத்தைத் தொடங்குவாள், இன்னொருத்தி ஊசியைப் பிடுங்குவாள், மூன்றாமவள் வேண்டாம் என்பாள். பன்னிரண்டாம் சனிக்கிழமை நீள வார்டு காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் ஆறு ஆறு கட்டிலாக நான்கு அரைவட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் செவிலியின் மேசை. உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைத் திருப்பினால் ஆறு முகமும் தெரியும். துணி அலமாரி இரண்டு பக்கமும் திறக்கும். துணி கொண்டு வருகிறவர் வார்டுக்குள் வரவே வேண்டாம். ஜன்னல் திண்டு ஐந்நூற்று ஐம்பது மில்லி உயரம், படுத்திருக்கிறவள் தலையைத் தூக்காமலேயே வெளியே மரத்தைப் பார்க்கலாம். நூல் இருபத்தேழு மீட்டர்.

டீச்சர் அந்தப் படத்தைச் சாருடைய மேசையில் வைத்தார். சார் கால் மணி நேரம் பார்த்தார். "நல்லா வந்திருக்கு" என்றார். எடுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் விளக்கினார்.

"முதல்ல 'நம்ம ஆபீஸ் பண்ணினது'ன்னு சொன்னார்" என்றார் அக்கா என்னிடம். "அப்புறம் 'நாங்க பண்ணினோம்'. மூணாவது வருஷம் மெடல் குடுத்தாங்க. அதுலேந்து 'நான்'."

வார்டு திறந்த இரண்டாம் வருடம் அக்காவின் இளைய மகள் அங்கேதான் பிறந்தாள். அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், வேடிக்கையாகப் பேசுவார். "உள்ளேந்து சத்தம். வலி வந்துடுச்சுன்னு ஓடுறேன். இவ ஜன்னலக் காட்டிக் கத்துறா, திண்டு இருபது மில்லி ஏறிப்போச்சாம், அந்தக் கான்ட்ராக்டரை உடனே கூட்டிட்டு வரணுமாம். டாக்டரம்மா என்னைத் திட்டுறாங்க, இவ என்னைத் திட்டுறா, பொறந்த புள்ளையும் என்னைப் பாத்துத்தான் அழுவுது."

சிஸ்டர் ஆறு வருடம் முன்பு காலமாகிவிட்டார். மருத்துவமனையின் வாசலில் சாருடைய பெயரைச் செதுக்கிய கல் இருக்கிறது. சிஸ்டர் இருந்தார் என்பதற்கு அங்கே ஒரு கல்லும் இல்லை.

இந்த வருடம் அலுவலகத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுவது என்று முடிவாயிற்று. படித்தவன், கணினி தெரிந்தவன் என்று பொறுப்பு என்னிடம் வந்தது. பழைய பீரோவிலிருந்து வார்டின் மூலப் படத்தை எடுத்தேன். தாள் முழுக்கப் பொடிப்பொடியாகத் துளை.

"பூச்சி அரிச்சிருக்கு பாரு" என்றார் சார். "சுத்தம் பண்ணிடு."

கணினியில் ஏற்றி, இரண்டு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு துளையாக அடைத்தேன். நானூற்றுப் பதினெட்டு. எவ்வளவு வேலை செய்தேன் என்று சாரிடம் சொல்வதற்காகவே எண்ணினேன். பூச்சி கட்டில் இருக்கும் இடமாகப் பார்த்துத் தின்னுமா? கதவுக்குக் கதவு ஒரே ஒரு கடி கடித்துவிட்டுப் போகுமா? ஐந்து வருடம் கட்டடக் கலை படித்தவன், கேட்கவில்லை. சார் பூச்சி என்றார், எனக்கும் பூச்சி.

நானூற்றுப் பதினெட்டாவதை அடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் அக்கா நின்றார்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"பூச்சி அரிச்ச இடத்தையெல்லாம் சரி பண்றேன்க்கா. இப்பப் பாருங்க, புதுசு மாதிரி இருக்கு."

குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு, "அந்தப் பூச்சி நாங்கதான்" என்றார்.

நூல் கதையை நான் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். நான்கு வருடமாகப் பக்கத்து மேசை. அவரிடம் ஒருமுறைகூட, இந்த வார்டு எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியதைச் சாரிடம்தானே கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் அக்கா சாரின் அறைக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். கேட்டது ஒன்றே ஒன்று. அந்தப் பக்கத்தில் வடிவமைப்பு என்று மூன்று பேருடைய பெயரும் வர வேண்டும். சாருடைய பெயரை எடுக்கச் சொல்லவில்லை, அதன் கீழே வந்தால் போதும். படத்தையும் துளையோடு போட வேண்டும்.

சார் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற மனிதர் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"ஏம்மா, நன்றி சொல்ற பக்கத்துல உன் பேரு ஏற்கெனவே இருக்கே."

"டிரைவர் பேருக்குக் கீழ இருக்கு சார், பாத்தேன். நான் கேக்குறது நன்றி இல்ல."

"சரி, மூணு பேரும் உக்காந்து பேசினீங்க. நான் இல்லைங்கல. ஆனா பேசுறது வேற, டிசைன் வேற. அந்த அரைவட்டம் யாரோட யோசனை? ஒரு பேரச் சொல்லு, போட்டுடலாம்."

அக்கா யோசித்தார். அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என்னுடையது என்று சொல்லியிருந்தால் எதிர்த்துச் சொல்ல ஆளில்லை.

"தெரியாது சார். ஊசி மூணு பேர் கையிலயும் இருந்துச்சு."

"பாத்தியா" என்றார் சார், என்னைப் பார்த்து. ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்ட மாதிரி.

ஒருவர் ரயிலில் தனியாக யோசித்ததாகச் சொன்னால் அது கலை. மூன்று பேர் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அளந்து, சண்டை போட்டு, திருத்தித் திருத்திக் கண்டுபிடித்தால் அது அரட்டை. தனியாக எடுத்துக் காட்ட முடியாதபடி சேர்ந்து உழைத்ததற்குத் தண்டனை, யாருக்கும் எதுவும் இல்லை. சாரிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை, இந்தக் கோடு நீங்கள் வரைந்ததா, எந்தப் பேனாவால் என்று.

"உன் பேர மட்டும் 'உதவி'ன்னு போடலாம்" என்றார் சார். "மேடம் என் வீட்டுக்காரி. என் பேருக்குள்ளயே அவ இருக்கா. சிஸ்டர் கிளையன்ட் சைடு, அவங்களைப் போடுற வழக்கமே இல்ல."

"மூணு பேருன்னா மூணு பேரு சார். இல்லன்னா என் பேர டிரைவருக்குக் கீழயும் போடாதீங்க."

அன்று மாலை அக்கா டீச்சர் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். கூடத்தில் சாருடைய கேடயங்கள் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விடு மில்லி. இந்த வயசுல வீட்டுக்குள்ள ஒரு சண்டை வேணுமா? அவர் சந்தோஷமா இருக்கட்டும். எனக்குப் பேரெல்லாம் வேண்டாம்."

அக்கா குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான்.

"உங்க பேர விட்டுக்குடுக்குறது உங்க இஷ்டம் டீச்சர். என் பேரையும் சேத்து எதுக்கு விட்டுக்குடுக்குறீங்க? சிஸ்டர் வந்து கேக்க முடியுமா? நீங்க ஒருத்தர் இப்படி வேண்டாம் வேண்டாம்னு பெருந்தன்மையா இருந்து இருந்துதான் நாங்க ரெண்டு பேரும் பூச்சியாயிட்டோம். முப்பது வருஷமா உங்க வீட்டுச் சண்டையத் தவிர்க்கிறதுக்கு எங்க ரெண்டு பேர் உழைப்பா?"

அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

புத்தகம் அச்சுக்குப் போனது. பயணச்சீட்டு வாக்கியத்தோடு, பூச்சி இல்லாத படத்தோடு. அனுப்பும் பொத்தானை அழுத்தியது என் விரல்தான். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இதுவும் ஒரு பயணச்சீட்டுக் கதையாகிவிடும்.

முந்நூறு பிரதிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. வெளியீட்டுக்கு மூன்று நாள் இருந்தது. சிறப்பு விருந்தினரை நேரில் அழைக்கச் சார் வெளியூர் போயிருந்தார். காலை ஒன்பதரைக்கு அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு டீச்சர் வந்தார். அவர் அலுவலகத்துக்கு வந்து பதினைந்து வருடமாவது இருக்கும். நேராகக் கழிப்பறைப் பக்கம் போய், அக்காவின் மேசையருகே நின்றார்.

"நான் அன்னிலேந்து சரியாத் தூங்கல. உன் வாய் இருக்கே."

"எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு" என்றார் அக்கா, தலை நிமிராமல்.

"இப்ப என்ன பண்ணலாம், சொல்லு. அச்சடிச்சாச்சே."

அக்கா மெல்லிய முனை மைப்பேனாவை எடுத்தார். முதல் பெட்டியை என்னைப் பிரிக்கச் சொன்னார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நான் விட்டிருந்த வெள்ளை இடத்தில், சாருடைய பெயருக்குக் கீழே, மூன்று பெயர்களை எழுதினார். அச்சுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. டீச்சர் வாங்கி, மை உறிஞ்சும் தாளை வைத்து ஒற்றி, அடுத்ததைத் திறந்து நீட்டினார்.

"சிஸ்டர் பேரு முதல்ல வரணும்" என்றார் டீச்சர்.

"அதான் எழுதியிருக்கேன். கண்ணாடியப் போடுங்க."

கதவைச் சாத்தவில்லை. கணக்கர் வந்து பார்த்தார், வரவேற்பில் இருக்கும் பெண் வந்து பார்த்தார். யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. நான் பெட்டி பிரித்தேன், அடுக்கினேன். இரண்டு பகல் ஆயிற்று. நூற்றுச் சொச்சமாவது பிரதியில் விரல் பிடித்துக்கொண்டது. சுடுதண்ணீரில் விரலை வைத்திருந்துவிட்டு மறுபடி எழுதினார். முந்நூறிலும் எழுத்து ஒரே உயரம். மூன்று மில்லி.

அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அக்கா வேண்டாம் என்றார். "அது இருக்க வேண்டிய எடத்துல இருக்கு. வேணுங்கிறவங்க பக்கத்தைத் திறந்து பாக்கட்டும்."

வெளியீட்டு நாள் காலையில் சார் வந்தார். மேலே இருந்த பிரதியை எடுத்து, தனக்குப் பிடித்த பக்கத்தைத் திறந்தார்.

"இதை அச்சகத்துல யாரு குடுத்தது?"

"அச்சு இல்ல சார்" என்றேன். "கையால எழுதினது."

விரலால் தேய்த்துப் பார்த்தார். வரவில்லை. எத்தனை பிரதி என்று கேட்டார். எல்லாம் என்றேன். அந்தக் கையை அவருக்குத் தெரியாமல் இருக்காது. முப்பத்தேழு வருடமாக அவருடைய பெயரை எழுதிய கை. ஆனால் அந்தப் பக்கம் திரும்பாமல் என்னிடமே பேசினார்.

"நேரம் இருக்கு. இந்த ஒரு தாளை மட்டும் கிழிச்சிடுங்க. எல்லாத்துலயும்."

நான் தாளைத் திருப்பிக் காட்டினேன். நாற்பத்திரண்டாம் பக்கம் முழுக்க, ஓரத்திலிருந்து ஓரம்வரை, சார் மெடல் வாங்கும் புகைப்படம். அந்த இடத்தில் அதை வைக்கச் சொன்னவர் அவரே.

சார் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"மேடம் எங்க? போன் எடுக்க மாட்டேங்கிறா."

"டீச்சர் காலையிலயே நாப்பது பிரதி எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க" என்றார் அக்கா, தன் மேசையிலிருந்து. "அந்த வார்டுல வேலை பாக்குற பொண்ணுங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. இந்நேரம் குடுத்திருப்பாங்க. மீதி இருநூத்தி அறுபது இங்க இருக்கு சார். கிழிக்கிறதுன்னா சொல்லுங்க, என் ஸ்கேலைத் தர்றேன். நேராக் கிழியும்."

சார் ஸ்கேல் கேட்கவில்லை.